ஊத்தடிவிளை ஸ்டேஷன் தண்ணீர்

ஊத்தடிவிளைக்கு ரயில் வந்தது ஊருக்காக அல்ல, தண்ணீருக்காக. அந்த ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்கள். அதில் அவர்களுக்கு அவ்வளவு பெருமை. தூத்துக்குடியிலிருந்து தெற்கே, கடலை ஒட்டியே புதுத்துறை வரைக்கும் ஒரு கம்பெனி சின்ன ரயில் விட்டிருந்தது. கருப்பட்டி ஏற்றப் போட்ட தண்டவாளம்தான். கூடவே மூன்று பெட்டியைக் கோத்து ஆட்களையும் ஏற்றிக்கொண்டார்கள். வழிநெடுகக் கிணறுகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் வாயில் வைத்தால் குமட்டும். மனிதனாவது பழகிக்கொள்வான், எஞ்சின் பழகாது. உப்புத் தண்ணீர் போகப் போக பாய்லர் குழாயெல்லாம் காறை பிடித்து, ஒருநாள் நடுவழியில் படுத்துவிடும். அந்த வழியில் நல்ல தண்ணீர் என்றால் ஊத்தடிவிளைக் கிணறு ஒன்றுதான். கம்பெனி கேட்டது, ஊர் கூடிப் பேசிக் கிணற்றைக் கொடுத்தது, அதற்குப் பதிலாக வண்டி நின்றது.

ஸ்டேஷன் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஓட்டுக் கூரை, ஒரு பெஞ்சு, பெயர் எழுதிய பலகை, நாலு இரும்புக் கால்மேல் ஒரு தொட்டி. கிணற்றடியில் கையால் அடிக்கும் பம்பு. டிக்கெட் கிழிக்க, கொடி காட்ட, தபால்பையை வாங்க எல்லாவற்றுக்கும் காசிலிங்கம் என்று ஒரே ஆள். அவருக்குத் தன்னை ஸ்டேஷன் மாஸ்டர் என்று யாராவது கூப்பிட்டால் போதும், அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். கிணற்றைக் கொடுத்த நாளிலிருந்து ஊர்க்காரர்கள் அதில் ஒரு செம்பு மொள்ளவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான். மேற்கே ஒரு பர்லாங்கில் செம்மணல் தேரி. அங்கே முழங்கை ஆழம் கையால் பறித்தாலே ஊற்று வரும். வீட்டுக்கு வேண்டியதை அங்கேயிருந்து குடத்தில் கொண்டுவந்தார்கள்.

அந்தக் கரையில் தண்ணீர் விஷயத்தில் ஒரு மரியாதை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையே புரியாது. ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் செம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்து முடித்ததும், "எங்க ஊரு தண்ணி எப்பிடி?" என்று கேட்பார்கள். குடல் வெந்து போகிற உப்பாக இருந்தாலும், "நல்லா இருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். பெண் கறுப்பு என்று சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், ஊர்த் தண்ணீர் உப்பு என்று சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும். அப்படி முறிந்த சம்பந்தம் ஊத்தடிவிளையிலேயே இரண்டு உண்டு. பறையராகட்டும், நாடாராகட்டும், கடற்கரையில் வேதக்காரராகட்டும், இந்த ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒரே வாய்தான்.

சங்கரம்மாள் அந்த ஸ்டேஷனுடைய தொட்டிக்காரி. முதலில் அவள் புருஷன் சிவனாண்டிதான் பம்பு அடித்துத் தொட்டி நிரப்பிக்கொண்டிருந்தான். முப்பத்தொன்றாம் வருஷம் விஷக்காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை, இடுப்புயரத்துக்கு ஒரே மகள் செல்லத்தாய். கம்பெனி வேறு ஆளைப் போடப் பார்த்தது. டிரைவர் மனுவேல்தான் தூத்துக்குடி ஆபீசுக்குப் போய், "பொம்பளன்னா என்ன, பம்பு என்ன மீசையைப் பார்த்தா தண்ணி ஊத்தப் போவுது?" என்று சண்டை பிடித்து, அந்த வேலையை அவளுக்கு வாங்கிக்கொடுத்தார். மனுவேல் புதுத்துறைக்காரர், மனுவேல் பர்னாந்து. வாய்க்கு வாய் தூத்துக்குடிக் கோவில் தஸ்நேவிஸ் மாதாவைக் கூப்பிடுவார். சங்கரம்மாளுக்கு அவர் அண்ணாச்சி. அவருக்கு இவள் தங்கச்சி.

தினமும் காலையில் பம்பைத் தொடுவதற்கு முன்னால் சங்கரம்மாள் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஏந்தி வாயில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். நுனி நாக்கில் வைத்துவிட்டு விழுங்கமாட்டாள், அடி நாக்குவரை ஓடவிட்டுத்தான் விழுங்குவாள். "நுனி நாக்கு பொய் சொல்லும், அடி நாக்கு சொல்லாது" என்பாள். பத்தேகால் மணிக்கு வண்டி வந்து நிற்கும். மனுவேல் எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்து, "தங்கச்சி, தண்ணி எப்பிடி?" என்பார். "இளநி, அண்ணாச்சி" என்பாள் இவள். கம்பெனி ரூலின்படி டிரைவரே தண்ணீரை ருசி பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். அதற்கென்று தொட்டிக் காலில் சங்கிலி போட்டு ஒரு பித்தளைக் கிண்ணம்கூடக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மனுவேல் அதைத் தொட்டதில்லை. "எந் தங்கச்சி நாக்கு இருக்கையில கிண்ணம் எதுக்கு?" என்பார். எட்டு வருஷம் இப்படித்தான் நடந்தது.

முப்பத்தொன்பதில் ஐப்பசி மழையும் பொய்த்தது, கார்த்திகை மழையும் பொய்த்தது. அந்த வருஷம் பார்த்துத்தான் கம்பெனிக்கு அவசரம். சீமையில் சண்டை வந்துவிட்டது, கருப்பட்டியை அள்ளி அள்ளிக் கப்பலேற்ற வேண்டும் என்று ஒரு வண்டி போன இடத்தில் மூன்று வண்டி விட்டார்கள். மூன்று வண்டிக்கும் ஒரே கிணறு. ஊற்றின் அளவுக்கு மேல் இறைத்தால் கடல் உள்ளே வந்துவிடும் என்பது அந்தக் கரையில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும், கம்பெனிக்குத்தான் தெரியவில்லை. மார்கழி பாதியில் ஒருநாள் காலை, சங்கரம்மாள் வழக்கம்போலத் தண்ணீரை வாயில் விட்டாள். நுனி நாக்கில் ஒன்றும் தெரியவில்லை. அடி நாக்கில் மெல்லக் கரித்தது.

அவள் இன்னொரு தடவை ஏந்திக் குடித்தாள். வாயைத் தேரித் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மூன்றாவது தடவையும் குடித்தாள். எத்தனை தடவை குடித்தால் என்ன, கரித்தது கரித்ததுதான். அன்றைக்கு வண்டி வந்து நின்றது. "தங்கச்சி, தண்ணி எப்பிடி?"

"இளநி, அண்ணாச்சி" என்றாள்.

வேண்டுமென்று சொன்ன பொய்யா அது? முதல் நாள் அப்படிச் சொல்ல முடியாது. வாய் பழகிப்போய் வந்துவிட்டது. ஆனால் இரண்டாம் நாள் சொன்னது தெரிந்து சொன்னதுதான், அதற்குச் சாக்குப்போக்குச் சொல்ல முடியாது. அவளுக்கு இரண்டு பயம். நாலு மைல் வடக்கே நெடுங்காட்டுவிளை என்று ஓர் ஊர். அவர்கள் புதுக் கிணறு வெட்டி, 'எங்கள் தண்ணீர் இன்னும் நல்ல தண்ணீர், வண்டியை இங்கே நிறுத்துங்கள்' என்று கம்பெனிக்கு மகஜர் மேல் மகஜராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காசிலிங்கம் அதையெல்லாம் கேள்விப்பட்டு, "பாத்தியாளா சங்கரம்மா, நம்ம ஸ்டேஷனைத் தூக்கிட்டுப் போகத் திரியுதானுவ" என்று அவளிடம் பொருமுவார். தண்ணீர் கரிக்கிறது என்று ஒரு வார்த்தை வெளியே போனால், மறுநாளே வண்டி நெடுங்காட்டுவிளையில் நிற்கும். ஊத்தடிவிளையைத் தாண்டிப் புகையை ஊதிக்கொண்டு போகும்.

இரண்டாவது பயம் செல்லத்தாய். அவளைத் தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த பால்துரைக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவம். சித்திரையில் பிள்ளை. தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டுமே! அவள் மாமியார் கொஞ்சம் கறார் பேர்வழி. "ரயில்ல வந்து ரயில்ல போறதுன்னா அனுப்புதேன். மாட்டு வண்டியில அந்தத் தேரி மணல்ல குலுங்கிக் குலுங்கிப் போறதுக்கு என் பேரப்பிள்ளையை அனுப்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அதிலும் தப்புச் சொல்ல முடியாது. அந்தத் தேரியில் வண்டிச் சக்கரம் அச்சுவரை இறங்கும், தூத்துக்குடிக்கு இரண்டு நாள் பாடு. நெடுங்காட்டுவிளையில் இறங்கினாலும் நாலு மைல் அந்த மணலில்தான் வர வேண்டும்.

ஆக, சங்கரம்மாள் தனக்குத் தானே ஒரு தவணை வைத்துக்கொண்டாள். சித்திரை பத்து வரைக்கும். மகள் வந்து இறங்கட்டும், அன்றைக்கே அண்ணாச்சியிடம் சொல்லிவிடுவோம். நாலு மாசத்தில் எஞ்சின் என்ன செத்தா போய்விடும்?

தை, மாசி, பங்குனி. கரிப்பு கூடிக்கொண்டே போனது. ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள் குடிக்க ஒரு மண்பானை உண்டு, அதில் அவள் தேரித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிவைப்பாள். காசிலிங்கமும் அதைத்தான் குடித்தார். குடித்துவிட்டு, 'தண்ணீர் நன்று' என்று மாசாமாசம் கம்பெனிக்கு எழுதிப் போட்டார். ஆகத் தொட்டித் தண்ணீரின் ருசி தெரிந்த நாக்கு ஊரில் ஒன்றே ஒன்றுதான் என்று சங்கரம்மாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாசியில் ஒருநாள் மனுவேல் எஞ்சினிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றார். "எஞ்சினுக்கு வயிறு சரியில்ல, தங்கச்சி. நுரை நுரையாக் கக்குது."

"கரி சரியில்லையோ என்னமோ, அண்ணாச்சி" என்றாள்.

மனுவேல் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "இருக்கும், இருக்கும்" என்றார். "மக எப்ப வாரா?"

"சித்திரை பத்துல."

"மாதா துணையிருப்பா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

பங்குனியில் இன்னொருநாள், "இந்தத் தடவை உப்பு வெயிலு சாஸ்தி, என்ன தங்கச்சி?" என்றார். வெயிலில் உப்பு என்ன, புளிப்பு என்ன? இவள், "ஆமா அண்ணாச்சி, காத்தும் கடக்காத்து" என்று சொல்லி முடித்துவிட்டாள். மனுஷன் வாசலைத் திறந்து திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார், இவள் உள்ளே போகாமல் ஒவ்வொரு தடவையும் சாத்திக்கொண்டாள். அதற்கெல்லாம் பின்னால் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது என்ன செய்ய?

சித்திரை பத்தும் வந்தது. அன்று காலையிலேயே வீடு மெழுகி, கஷாயத்துக்கு வேண்டியதையெல்லாம் இடித்து வைத்துவிட்டு, சங்கரம்மாள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். பத்தேகாலாயிற்று, வண்டி இல்லை. வடக்கே தூரத்தில் ஒரு கூவல் கேட்டது, அதுவும் பாதியில் அறுந்ததுபோல நின்றுவிட்டது. பதினொன்றாயிற்று. காசிலிங்கம் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அது ஓடுகிறதா என்று. சங்கரம்மாளுக்குப் புரிந்துவிட்டது. மண்பானை காலியாகக் கிடந்தது, வீட்டுக்குப் போய்த் தேரித் தண்ணீர் எடுக்க நேரமில்லை. தொட்டிக் குழாயைத் திறந்து ஒரு குடம் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தோடு வடக்கே ஓடினாள்.

இரண்டு மைல். கால்வைத்த இடமெல்லாம் பொரிந்தது. வண்டி தேரி நடுவில், ஒரு பனைகூட இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் அடியிலிருந்து ஆவி பீறிட்டுக்கொண்டிருக்க, மனுவேலும் கரி தள்ளுகிறவனும் நெருப்பை மணலில் இழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நடுப்பெட்டியைச் சுற்றிப் பெண்கள் சேலையை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டி நின்றார்கள். உள்ளேயிருந்து செல்லத்தாய் கத்துகிற சத்தம் கேட்டது.

புதுத்துறையில் கருவாடு விற்கும் ஆக்னஸ் என்ற பெண்பிள்ளை அந்தப் பெட்டியில் இருந்தது யார் செய்த புண்ணியமோ. ஏழு பெற்றவள், எழுபது பிள்ளைக்குத் தொப்புள்கொடி அறுத்தவள். "வாளா இங்கன, உம்மவ தலையைப் பிடி" என்று சங்கரம்மாளை இழுத்து உட்காரவைத்தாள். தகரக் கூரை அடுப்பாக எரிந்தது. ஒரு மணி நேரம் போனபிறகு பெண்குழந்தை பிறந்தது. பிறந்ததும் வீறிட்டு அழுதது, வெளியே நின்ற பெண்கள் குலவையிட்டார்கள்.

செல்லத்தாய்க்கு உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. "யம்மா, தண்ணி" என்றாள். சங்கரம்மாள் குடத்தைச் சாய்த்து உள்ளங்கையில் ஊற்றிக் கொடுத்தாள். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "யம்மா... இது எந்த ஊரு தண்ணி?"

ஆக்னஸ் நிமிர்ந்து பார்த்தாள். மறைப்புக்கு வெளியேயிருந்து மனுவேலின் குரல் வந்தது: "பெத்த களைப்புல நாக்குக் கெட்டுப் போவும், தாயி. குடிச்சிரு. உங்க அம்மை கொண்டுவந்த தண்ணி."

நாலாம் நாள் கம்பெனி இஞ்சினியர் டிராலியில் வந்து இறங்கினார். கோட்டும் தொப்பியும் போட்ட தமிழர். தொட்டியிலிருந்து ஒரு வாய் எடுத்தார், தூவென்று துப்பினார். மனுவேலைக் கூப்பிட்டார். சங்கரம்மாள் பம்பைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றாள்.

"இந்தத் தண்ணியையா பாய்லர்ல ஏத்துன? ருசி பாத்தியா, இல்லையா?"

"பாக்கல, ஐயா."

"ரூல் தெரியுமா?"

"தெரியும், ஐயா."

"பின்னே ஏன் பாக்கல? தொட்டிக்காரி உங்கிட்ட என்ன சொன்னா?"

மனுவேல் திரும்பி அவளைப் பார்க்கவே இல்லை. "அவகிட்ட நான் கேக்கவே இல்ல, ஐயா. எஞ் சோம்பேறித்தனம்தான்."

ஒரு வார்த்தை. 'நான்தான் ஐயா' என்று ஒரே ஒரு வார்த்தை. சங்கரம்மாளின் கால் ஓரடி முன்னால் வந்ததுகூட உண்மை. ஆனால் வீட்டில் பச்சை உடம்புக்காரி படுத்திருக்கிறாள். இந்த வேலையும் போனால் கஞ்சிக்கு வழி என்ன என்ற நினைப்பு ஒரு பக்கம். பயம் ஒரு பக்கம். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த இடத்திலேயே மனுவேலுக்கு வேலை போயிற்று. அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, இருபது வருஷம் ஓட்டின எஞ்சினுக்கு முதுகைக் காட்டி நடந்துபோனார்.

அதற்குப் பிறகு அந்த இஞ்சினியர் காசிலிங்கத்தின்மேல் பாய்ந்தார். அவர் சொன்னதுதான் சங்கரம்மாள் சாகிறவரைக்கும் மறக்கமுடியாத சொல்லாகப் போயிற்று. "உப்பாயிடுச்சுன்னு ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதாய்யா? தேரியில வேற கிணறு எடுக்க ரெண்டு வருஷமா உத்தரவு இருக்கு. கிணத்து உறைகூடச் சுட்டுத் தூத்துக்குடி கோடவுன்ல அடுக்கி வச்சிருக்கோம். 'நன்று, நன்று'ன்னு மாசாமாசம் எழுதுனா நாங்க எதுக்குய்யா கிணறு எடுக்கணும்?"

சங்கரம்மாள் பம்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பர்லாங் தூரத்தில் ஊரே குடிக்கும் தண்ணீர். நெடுங்காட்டுவிளையும் இல்லை, ஒரு கொள்ளையும் இல்லை. வண்டி இங்கேயேதான் நின்றிருக்கும்.

கம்பெனியிடம் இரண்டு எஞ்சின்தான் இருந்தது. இரண்டுக்கும் அதே தண்ணீர்தான் போயிருந்தது. படுத்ததைச் சரிசெய்யக் குழாய் சீமையிலிருந்து வர வேண்டும், சண்டை நேரத்தில் எங்கேயிருந்து வரும்? மற்றதை வைத்து இழுத்துப் பிடித்து ஓட்டினார்கள். பிள்ளை பிறந்து மூன்றாம் மாசம், செல்லத்தாய் அந்த நொண்டி வண்டியில்தான் தூத்துக்குடிக்குத் திரும்பிப் போனாள். அந்த வருஷக் கடைசியில் ஆட்களை ஏற்றுவதை நிறுத்தினார்கள். மறுவருஷம் எல்லாமே நின்றது. பிறகு லாரியில் வந்து தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். எங்கேயோ பாலைவனத்தில் பட்டாளத்துக்கு ரயில் போட என்று சொன்னார்கள். தொட்டியையும் கழற்றினார்கள். காசிலிங்கம் பெயர்ப்பலகையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். இரண்டு மழையில் அதைக் கறையான் தின்றுவிட்டது. பித்தளைக் கிண்ணம் மட்டும் எப்படியோ கிணற்றடி மண்ணில் கிடந்தது. சங்கரம்மாள் அதை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், ஆனால் அதில் தண்ணீர் குடித்ததில்லை.

"சண்டை வந்து நம்ம ரயிலைத் தின்னுட்டு" என்றுதான் ஊரில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். "வெள்ளைக்காரன் கண்ணு பட்ட இரும்பு வெளங்குமா?" என்றார்கள். சங்கரம்மாள் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள். அவளுக்கு அல்லவா தெரியும், அந்த ரயிலைத் தின்ற நாக்கு எது என்று!

மகளை அதற்குப் பிறகு ஐந்து வருஷத்தில் இரண்டே தடவைதான் பார்த்தாள். "மணல் காட்டுல பிள்ளை பெத்தது ஒரு தடவை போதும்" என்று மாமியார் சொல்லிவிட்டாள். இரண்டாவது பிரசவம் தூத்துக்குடியிலேயே நடந்தது, செய்தி ஒரு மாசம் கழித்துக் கருவாட்டுக் கூடையோடு வந்தது. மூத்தவள் பெயர் ஏதோ ஒரு சாமி பெயர்; ஊரில் 'ரயிலு' என்றால்தான் தெரியும். ரயிலு நடந்தது, பேசியது, பல் விழுந்தது எல்லாம் ஆக்னஸ் வாய் வழியாகத்தான் பாட்டிக்குத் தெரிந்தது.

நாற்பத்தைந்தில், சண்டை முடிந்துவிட்டது என்று கொட்டு அடித்த மாசத்தில், ஆக்னஸ்தான் அதையும் சொன்னாள். மனுவேல் சங்கு குளிக்கிறவர்களுக்குத் தோணியில் கயிறு பிடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இப்போது மூச்சு இழுப்பு வந்து வீட்டோடு கிடக்கிறார், ஆள் தேறுவது சந்தேகம். சங்கரம்மாள் அன்று சோறு வடிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும், தண்டவாளம் கிடந்த தடத்தோடு தெற்கே நடந்தாள். பன்னிரண்டு மைல். கட்டைகள் கிடந்த பள்ளங்கள் மட்டும் மணலில் இன்னும் வரிசையாகத் தெரிந்தன.

புதுத்துறையில் மனுவேலின் வீடு கோவிலுக்குப் பின்னால் ஓலை வேய்ந்தது. அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எஞ்சின் கைப்பிடியில் காய்த்த கை. அதன்மேல் கயிறு அறுத்த கோடுகள். "யாரு, தங்கச்சியா? வா, வா, இங்கன இரி" என்றார். அவர் மனைவி பிலோமி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சங்கரம்மாள் அதைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், குனிந்தபடியே சொன்னாள்:

"மார்கழியிலேயே கரிச்சிட்டு, அண்ணாச்சி. தெரிஞ்சேதான் உங்ககிட்ட இளநின்னு சொன்னேன். எம் மக வந்து சேரணும்னு சொன்னேன். உங்க வேலையை நாந்தான் தின்னேன்."

பிலோமி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். மனுவேல் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார்.

"தெரியும், தங்கச்சி."

"என்ன தெரியும்?"

"தை பொறக்க ரெண்டு நாள் முந்தி, நீ கிணத்தடியில நின்ன. எஞ்சின் நுரைக்குதேன்னு சந்தேகம். அந்தக் கிண்ணத்துல மோந்து ஒரு வாய் வச்சேன். அன்னைக்கே தெரியும்."

சங்கரம்மாள் நிமிர்ந்தாள். "ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"எப்பிடிச் சொல்லுவேன்? உங்க ஊரு தண்ணி உப்புன்னு உம் மொகத்துக்கு நேரே எப்பிடிச் சொல்லுவேன்? கம்பெனிக்குச் சொன்னா, தொட்டி போவும், உன் வேலை போவும். நீ மகளுக்கு நாளு எண்ணிக்கிட்டு இருக்கே. சித்திரை வரைக்கும் ஓட்டிருவோம்னு நெனச்சேன். சாடையாச் சொல்லிப் பாத்தேன். நீயா வாயைத் தொறப்பேன்னு பாத்தேன்."

"நீங்க கேக்கலியேன்னு நான் இருந்தேன்."

"நீ சொல்லலியேன்னு நான் இருந்தேன்."

ஒரு வார்த்தை, இரண்டு பேர் வாயிலும் நாலு மாசம் கிடந்தது. யாராவது ஒருத்தர் துப்பியிருந்தால் போதும். தேரியில் கிணறு வந்திருக்கும், இந்த மனுஷன் எஞ்சினில் நின்றிருப்பார், ரயிலு லீவுக்கு லீவு வந்து பாட்டி மடியில் கிடந்திருப்பாள். இரண்டு நல்லவர்கள் ஒருத்தர் மனசை ஒருத்தர் நோகடிக்கக் கூடாது என்று இருந்து, ஒரு ஊரின் ரயிலைத் தொலைத்தார்கள். சங்கரம்மாளுக்கு அழுகை வரவில்லை. மடியிலிருந்த செம்பை எடுத்துப் பாதி குடித்தாள்.

மனுவேல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமினார். பிறகு, எஞ்சினிலிருந்து எட்டிப் பார்க்கிறவரைப் போலக் கழுத்தை நீட்டிக் கேட்டார்:

"தங்கச்சி, தண்ணி எப்பிடி?"

சங்கரம்மாள் இன்னொரு வாய் எடுத்து அடி நாக்குவரை ஓடவிட்டு, கண்ணை மூடித் திறந்தாள்.

"உப்பா இருக்கு, அண்ணாச்சி" என்றாள்.

வாசலில் நின்ற பிலோமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுவேல் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டார். சங்கரம்மாள் செம்பிலிருந்த மீதித் தண்ணீரையும் குடித்து முடித்தாள்.